பழைய சர்வரில் ரெய்டு மென்பொருள்: பலர் சறுக்கும் இடங்கள்

விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றே நிறுத்திவிட்டது. டேலி ஓடுகிறதே என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்னும் அதையே வைத்திருப்பவர்கள், ரெய்டு கார்டைக் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து நடத்தும் கார்டு) கண்காணிக்கும் மெகாரெய்டு ஸ்டோரேஜ் மேனேஜர் மென்பொருளை நிறுவும் முன், எதன் பிறகு எதைப் போடுவது என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும்.

கார்டின் ஆகப் புதிய டிரைவரை (விண்டோஸ் கார்டோடு பேச உதவும் நிரல்) நேராகப் போட்டுவிடாதீர்கள். அது ஷா-2 என்ற புதிய வகை டிஜிட்டல் கையொப்பத்துடன் வரும். பழைய விண்டோஸுக்கு அது புரியாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும், கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்னும் ‘கோடு 52’-ம் நிற்கும். விண்டோஸே அந்தக் கார்டில் மாட்டிய டிஸ்க்கில் இருக்கிறது என்றால் சர்வர் எழுந்தே வராமல் போகலாம். முதலில் மைக்ரோசாஃப்டின் கேபி4490628 அப்டேட், பிறகு ஷா-2-வைப் புரியவைக்கும் கேபி4474419 அப்டேட், ஒரு ரீஸ்டார்ட், அப்புறம்தான் டிரைவர், கடைசியாக மென்பொருள்.

டிஸ்க் பழுதானால் மென்பொருள் அனுப்பும் அலர்ட் மெயிலுக்கு விலாசம் கொடுத்ததோடு பலர் நிறுத்திவிடுவார்கள். பழைய பதிப்புகள் மறையாக்கம் இல்லாமல் மெயில் அனுப்பப் பார்க்கும். இன்றைய மெயில் சர்வர்கள் பல அதை வாங்குவதில்லை. ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்தி, மெயில் கைக்கு வந்ததா என்று பாருங்கள். வராத மெயிலை நம்பி கார்டின் பீப் ஒலியையும் அணைத்துவிட்டால், ஒரு டிஸ்க் போனது இரண்டாவதும் போன பிறகுதான் தெரியும்.

பெரிய நாசம், கார்டு தன்னுடையதாக ஏற்காமல் ‘ஃபாரின்’ என்று காட்டும் டிஸ்க்கில்தான் நடக்கிறது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று கனெக்டரை அரித்து, டிஸ்க் தானாகக் கழன்று திரும்ப வரும்போது கார்டு அதை இப்படிக் காட்டும். அரே (சேர்த்துக் கட்டிய டிஸ்க்குகளின் தொகுப்பு) இன்னும் ‘டிகிரேடட்’ (டிஸ்க் குறைந்த) நிலையில் ஓடுகிறது, ஒரே ஒரு டிஸ்க்தான் ஃபாரின் என்றால், அதில் இருப்பது பழைய தரவு. அதிலுள்ள ரெய்டு அமைப்புப் பதிவை ‘கிளியர்’ செய்து, மற்ற டிஸ்க்குகளைக் கொண்டு தரவை மீண்டும் எழுதும் ரீபில்ட் விடலாம். எல்லா டிஸ்க்குகளும் ஒன்றாக ஃபாரின் ஆகியிருந்தால் ‘கிளியர்’ பக்கமே போகக் கூடாது, டிஸ்க்குகளில் உள்ள அமைப்பை அப்படியே ஏற்கும் ‘இம்போர்ட்’ மட்டும்தான். இரண்டு டிஸ்க் வெவ்வேறு நேரத்தில் விழுந்திருந்தால் எதையும் தொடாமல், லாகில் (நிகழ்வுப் பதிவில்) எது முதலில் விழுந்தது என்று பாருங்கள். முதலில் விழுந்ததை உள்ளே இழுத்தால் பழைய தரவு புதியதோடு கலந்துவிடும். இந்தக் குழப்பத்தில் ‘இனிஷியலைஸ்’ கொடுப்பவர்களும் உண்டு. ‘ஃபாஸ்ட்’ என்று பெயர் இருந்தாலும் அதுவும் அழிப்புதான்.

வேகத்துக்கு ஆசைப்பட்டு ‘ஆல்வேஸ் ரைட் பேக்’ (பேட்டரி இல்லாவிட்டாலும், தரவைக் கார்டின் தற்காலிக நினைவகமான கேஷில் வாங்கிவைத்து டிஸ்க்கில் பிறகு எழுதும் அமைப்பு) வைக்காதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்தக் கண்ணிமைப்பிலேயே சர்வர் அணைந்து எழும். கார்டில் பேட்டரி இல்லை என்றால் கேஷில் இருந்த பதிவுகள் போயே போச்சு. ‘ரைட் பேக் வித் பிபியு’ (கார்டின் பேட்டரி நன்றாக இருந்தால் மட்டும் ரைட் பேக்) போதும். அதற்கும் எல்லை உண்டு: புது பேட்டரியே இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று வீசிய ‘தானே’ புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்ததும், கரண்ட் போகும்வரை காத்திராமல், விண்டோஸிலேயே ஷட்டவுன் கொடுத்து இறக்குங்கள். கேஷில் உள்ளது டிஸ்க்கில் இறங்கிய பிறகே மிஷின் அணையும்.