கண்ணுல சிலிகான் ஆயில் வச்சிருக்காங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ரெட்டினா (கண்ணோட பின்பக்கம் இருக்கற விழித்திரை) விலகிருச்சுன்னு ஆபரேஷன் பண்ணி உள்ள சிலிகான் ஆயில் வச்சு அனுப்புனா, நம்மாளுங்க பண்ற முதல் தப்பு ஆபரேஷன் முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிறதுதான். பாதிதாங்க முடிஞ்சிருக்கு. கண்ணுக்குள்ள இருக்கற ஜெல்ல எடுத்துட்டு, கிழிசலைச் சுத்தி லேசர் போட்டு, அந்த லேசர் தழும்பு பிடிக்கிற வரைக்கும் ரெட்டினா திரும்ப கழண்டு வராம அழுத்தி வைக்கத்தான் இந்த ஆயில். ஆயிலுக்குப் பதிலா கேஸ் வச்சா சில வாரத்துல அதுவா கரைஞ்சு போயிரும், ஆயில் போகாது, இன்னொரு ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும், பெரும்பாலும் 3லருந்து 6 மாசத்துல எடுப்பாங்க.

ஆனா 3 மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னா ரெண்டு வருஷம் கழிச்சு வர்றவங்க நிறைய பேரு. வலி இல்ல, ஓரளவு தெரியுது, பொண்ணு கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும்னு தள்ளிப் போடுவாங்க, அவங்கள மட்டும் குறை சொல்லவும் முடியாது, டிஸ்சார்ஜ் அன்னிக்கு பத்து விஷயத்தோட பதினொண்ணா இதையும் கடகடன்னு சொல்லிட்டா யாருக்கு ஞாபகம் இருக்கும்.

அதுக்குள்ள ஆயில் உடைஞ்சு பொடிப்பொடி குமிழா ஆயிரும். ரசத்துல எண்ணெய் மிதக்கற மாதிரி இதுவும் மேலதான் மிதக்கும், அடர்த்தி 0.97தான், தண்ணிய விட லேசு. இன்ஃபெக்ஷன் வந்தா சீழ் கண்ணுக்குள்ள அடில தேங்கும், இது நேர்மாறு, ஸ்லிட் லேம்ப்ல (டாக்டர் கண்ண பெருசா பாக்கற மெஷின்) உக்கார வச்சு பாத்தா கருவிழிக்குப் பின்னாடி மேல் ஓரத்துல வெள்ளையா படிஞ்சு நிக்கும். அந்தக் குமிழெல்லாம் கண்ணோட தண்ணி வெளிய வடியற பாதைய அடைச்சா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும், பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா சாகும், பல பேருக்கு வலியே இருக்காது. அப்புறம் ஆயில எடுத்தாலும் போன நரம்பு வராது. கருவிழிலயே ஆயில் பட்டுட்டு இருந்தா கால்சியம் படிஞ்சு பட்டை பட்டையா மங்கும். புரை கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், அத நினைச்சு பயப்பட வேணாம், ஆயில் எடுக்கும்போதே சேர்த்து ஆபரேஷன் பண்ணிக்கலாம்.

அடுத்தது சொட்டு மருந்து. ஆபரேஷனுக்கு அப்புறம் குடுக்கற ஸ்டீராய்டு சொட்ட வாராவாரம் குறைச்சு நிறுத்தச் சொல்லிருப்பாங்க, இவங்க அதே பாட்டில மெடிக்கல்ல காட்டி மாசக்கணக்கா வாங்கிப் போடுவாங்க, கண்ணு சிவக்காம நல்லா இருக்குன்னு. ஸ்டீராய்டே சில பேருக்கு பிரஷர ஏத்தும், உள்ள ஆயிலும் இருந்தா கேக்கவே வேணாம். பிரஷர் குறைக்கிற சொட்டு மட்டும் தீர்ந்து போனா யாரும் வாங்கறதில்ல!

குப்புற படுக்கச் சொன்னா முதுகு வலிக்குதுன்னு மல்லாந்து படுத்துருவாங்க. அப்படிப் படுத்தா மிதக்கற ஆயில் முன்னாடி வந்து லென்ஸ் மேல, சில பேருக்கு கருவிழி வரைக்கும் போய் உக்காரும், பின்னாடி அழுத்த வேண்டிய இடத்துல அழுத்தாது. ஒரேடியா குப்புறத்தான்னும் கிடையாது, கிழிசல் இருக்கற இடத்த பொறுத்து பக்கவாட்டுல படுக்கச் சொல்லுவாங்க, அதனால பக்கத்து பெட்காரர் படுக்கறத பாத்து நீங்க படுக்காதீங்க.

கேஸையும் ஆயிலையும் போட்டு குழப்பிக்கறதும் சகஜம். ஃப்ளைட்ல போகக்கூடாது, ஊட்டி கொடைக்கானல் ஏறக்கூடாதுங்கறது கேஸ் வச்சவங்களுக்கு, மேல போகப் போக கேஸ் விரிஞ்சு பிரஷர் எகிறும். ஆயில் விரியாது. இத தெரியாம ஆயில் வச்சவர் துபாய் டிக்கெட்ட கேன்சல் பண்றாரு, கேஸ் வச்சவர் கொடைக்கானல் பஸ் ஏறிடறாரு, ரெண்டாவதுதான் ஆபத்து. உள்ள என்ன வச்சிருக்காங்கன்னு பேர கேட்டு சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க.

கண்ணாடி விஷயம். ஆயில் உள்ள இருக்கும்போது பவர் பிளஸ் 5, 6ன்னு மாறி காட்டும், ஆயில் ஒளிய வேற மாதிரி வளைக்கறதால. அத நம்பி விலை கூடுன கண்ணாடி போட்டா ஆயில் எடுத்ததும் அது குப்பைக்குத்தான். ஒரு கண்ணு மட்டும் தெரியறவங்க, தற்காலிகமா விலை கம்மியா ஒண்ணு போட்டுக்கலாம்.

டாக்டர்ங்க பக்கமும் தப்பு நடக்கும். புரை ஆபரேஷன்ல வைக்கிற லென்ஸுக்காக கண்ணு நீளத்த ஸ்கேன்ல அளப்பாங்க, ஆயில் இருக்கற கண்ணுல அந்த ஸ்கேன் ஒலி மெதுவாத்தான் போகும், மெஷின்ல அந்த செட்டிங்க மாத்தாம அளந்தா கண்ணு நீளமா காட்டும், வைக்கிற லென்ஸ் பவர் தப்பாயிரும். லென்ஸே இல்லாத கண்ணுல ஆயில் வச்சா ஐரிஸ்ல (கண்ணுமணியச் சுத்தி இருக்கற நிற வளையம்) கீழ, 6 மணி இடத்துல, கண்ணோட தண்ணி போக ஒரு சின்ன ஓட்டை போடணும், மறந்தா ஆயில் முன்னாடி தள்ளிட்டு வந்து தண்ணி போற வழிய அடைக்கும். மேல ஏன் போடக்கூடாதுன்னா ஆயில் மேல மிதக்குமே, அந்த ஓட்டையையே அடைச்சிரும்.

சில கண்ணுல ஆயில எடுத்தா ரெட்டினா மறுபடி விலகும், இல்ல கண்ணே சுருங்கிப் போகும்னு டாக்டரே எடுக்காம விடுவாரு. அது அவரு யோசிச்சு எடுக்கற முடிவு, நாம வராம இருந்து எடுக்கற முடிவு இல்ல.

ஆயில் எடுத்த பிறகு பார்வைல கீழ்ப்பக்கம் குட்டிக் குட்டி வட்டமா மிதந்தா மிச்சம் மீதி ஆயில் குமிழ்தான், மேல மிதக்கறது நமக்கு கீழ தெரியும், அடுத்த செக்கப்ல சொன்னா போதும். ஆனா ஓரத்துல திரை மாதிரி நிழல் விழுந்தாலோ, கண்ணு வலியோட வாந்தி வந்தாலோ அன்னிக்கே ஆபரேஷன் பண்ண இடத்துக்குப் போயிருங்க, ஞாயித்துக்கிழமைன்னாலும் எமர்ஜென்சில பாப்பாங்க.