இடைவிலகிய பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பும்போது நடக்கும் தவறுகள்

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 14 என்றிருந்த மேல் எல்லை 2016இல்தான் 16 ஆனது. இதைக் காட்டித் தாய் தகப்பனை மிரட்டுவதுதான் பலரும் செய்கிற முதல் வேலை. மிரட்டினால் பிள்ளை வரும், மறுப்பில்லை. இரண்டு கிழமை வரும். ஜனவரியில் இடாப்பில் ஏறிய பெயருக்கு நேரே, மாசி பங்குனியில் வெள்ளாமை வெட்டுத் தொடங்கியதும் வரிசையாக 'வரவில்லை' என்று விழும். கிழக்கில் வெல்லாவெளியானாலும் வாகரையானாலும் திருக்கோவிலானாலும் கதை இதுதான். பெயர் பதிவதை வேலையின் முடிவாக எண்ணுவதால் வருகிற வினை இது.

பதியும்போதே ஒரு தவறு நடக்கிறது. பிறப்புச் சான்றிதழும் விடுகைப் பத்திரமும் வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் இருத்திவிடுகிறார்கள். காலங்கடந்த பிறப்புப் பதிவு மாதக்கணக்கில் இழுபடும். பிள்ளையை முதலில் வகுப்பில் இருத்துங்கள். பத்திர வேலை பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தனியே நடக்கட்டும். பாடசாலை தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பானவரையும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் ஒரே நாளில் போய்ப் பாருங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிற அலைச்சல் குறையும்.

எந்த வகுப்பில் விடுவது? வாசிக்கத் தெரியாது என்பதற்காக 13 வயதுப் பையனைத் தரம் மூன்றில் இருத்தினால், அடுத்த நாள் அவன் வாவிக்கரையில்தான் இருப்பான். வயதுக்குரிய வகுப்பிலேயே விட்டு, அடிப்படைக்கு மட்டும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் பிரித்தெடுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு 'இடைவிலகியோர் வகுப்பு' என்று பெயர்ப்பலகை போடாதீர்கள். அந்தப் பலகையே பிள்ளையைத் துரத்திவிடும்.

அந்த நேரத்தில் என்ன படிப்பிப்பது என்பதில்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. விட்ட பாடங்களை முதலிலிருந்து ஓட்டமாக முடிக்கப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் அ முதல் 247 எழுத்தையும் மறுபடி எழுத வைக்கிறார்கள். இரண்டும் வீண். முதலில் பிள்ளைக்கு எது தெரியும் என்று பாருங்கள். தனியே, மற்றப் பிள்ளைகள் பார்க்காத இடத்தில், ஐந்து நிமிடம் போதும். பத்து எழுத்து, பத்துச் சொல், நாலு வரிப் பந்தி, ஒரு பக்கக் கதை. எங்கே தடக்குகிறதோ அங்கே நிறுத்தி, அதைத் திகதியோடு குறித்துவையுங்கள்.

தடக்குவதற்குக் காரணம் இருக்கும். 'கொடி' என்பதைப் பிள்ளை 'கெரடி' என்று வாசிக்கிறதென்றால் அது கவனக்குறைவல்ல. கொம்பையும் 'க'வையும் சேர்த்துக் 'கெ' என்று சரியாகவே எடுத்திருக்கிறது. பின்னால் நிற்கும் காலை (ா) 'ர' என்று எண்ணிவிட்டது. இந்தப் பிள்ளைக்கு 247 எழுத்தும் தேவையில்லை. கால் வரும் சொற்களையும் 'ர' வரும் சொற்களையும் அட்டையில் எழுதி (காகம், மாடு, மரம், கரடி) பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க விடுங்கள். அது பிடிபட்ட பிறகு கொடி, தொப்பி, தோணி. ஒரு கிழமையில் மாற்றம் தெரியும்.

கணக்கிலும் இதே கதை. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும். ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. முந்நூற்றைந்தை 3005 என்று எழுதும், காதில் விழுந்தபடி. ஆனால் மீன் வாடியில் நின்ற பிள்ளையிடம் 640 ரூபாவுக்கு மீன் வாங்கி 1000 ரூபாத் தாள் நீட்டினால் 360 மிச்சம் என்று உடனே சொல்லும். கணக்குத் தெரியாத பிள்ளை என்று எழுதிவைப்பது பெரிய அநியாயம். நூறு, பத்து, ஒரு ரூபா என்று காசாகவே கையில் கொடுத்து, பத்து ரூபாவை ஒரு ரூபாக்களாக மாற்றிக் கழிக்க விட்டு, அதைத் தாளில் எழுதக் காட்டுங்கள்.

15 வயது தாண்டியவரை ஆறு மாதத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு இருத்தப் பார்ப்பது இன்னொரு அவசரம். வாசிப்பு வந்த பிறகு, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகளைப் பற்றிப் பேசலாம். அனுமதிக்கான தகைமை பயிற்சிக்குப் பயிற்சி வேறுபடும். கேட்டுவிட்டுத்தான் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.

வீட்டு நிலைமையை விசாரிக்காமல் சப்பாத்தும் புத்தகப் பையும் கொடுப்பதும் உதவாது. பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கமே கொடுக்கிறது. தாய் மத்திய கிழக்கில், பெட்டை தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் என்றால், முதலில் தம்பிக்குப் பாலர் பாடசாலையில் இடம் தேட வேண்டும். தகப்பனோடு வட்டைக்கு (வயலுக்கு) போகிற பையன் என்றால், வெட்டுத் தொடங்குமுன்பே தகப்பனோடு பேசி, எத்தனை நாள், எந்த நேரம் என்று முடிவுகட்டுங்கள். ஒரு நாளும் வேலைக்கு விடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தால், முழு மாதமும் போய்விடும்.

வராத பிள்ளையைத் தேடி மாத முடிவில் போவது காலங்கடந்த வேலை. மூன்றாம் நாளே யாராவது வீட்டு வாசலுக்குப் போக வேண்டும், விசாரணைக்காரர் மாதிரியல்ல. முதல் இரண்டு மாதமாவது இந்தப் பிள்ளைகளுக்கு 7.30 மணிக்குப் படலையைப் பூட்டாதீர்கள். விடிய மாட்டைச் சாய்த்துவிட்டு எட்டு மணிக்கு ஓடிவருகிற பிள்ளை, பூட்டிய படலையைக் கண்டால் அப்படியே திரும்பிவிடும்.