பழைய பிக்கப்பில் கேம்பர் ஏற்றப் போகிறீர்களா? சஸ்பென்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்கப்பின் பின்பக்கத் திறந்த தொட்டியில் கேம்பரை, அதாவது பயணத்தில் தங்கிப் படுப்பதற்கான கூட்டு அறையை, ஏற்றி வைத்ததும் பின்பக்கம் அமுங்கும், முகப்பு மேலே தூக்கிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஏர் பேக் போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்." ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் இந்தக் காற்றுப் பையைப் போட்டதும் வண்டி நிமிர்ந்து நிற்கும், பாரமே இல்லாதது போலத் தெரியும். ஆனால் ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. அத்தனை எடையும் அதே ஆக்சில், அதே பேரிங், அதே டயர், அதே பிரேக்கின் மேல்தான் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கிற வண்டி தாங்கும் என்று நினைத்துக்கொள்வதில்தான் இந்த வேலையின் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, எடை போடாமலே பாகம் வாங்குவது. ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ வண்டியின் கையேட்டிலோ வண்டியின் மொத்த எடை வரம்பும் முன், பின் ஆக்சில் வரம்புகளும் இருக்கும். புது ஸ்பிரிங் போட்டாலும் சரி, ஏர் பேக் போட்டாலும் சரி, அந்த எண்கள் மாறுவதில்லை. ஏர் பேக் தயாரிப்பவர்களே இதைத் தங்கள் கையேட்டில் எழுதித்தான் தருகிறார்கள். நாம்தான் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

கேம்பரின் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் கூட்டின் எடை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதாவது 100 லிட்டர் தொட்டி நிறைந்தால் 100 கிலோ. அதற்கு மேல் பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை, வெளியே நீட்டும் நிழல் கூரை எல்லாம் சேரும். ஒரு கணக்குக்கு, உங்கள் பின் ஆக்சில் வரம்பு 1,800 கிலோ, காலி வண்டியில் ஏற்கெனவே அதன் மேல் இருப்பது 1,100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 700 கிலோ. "600 கிலோ கேம்பர்தானே" என்று ஏற்றியது பயணத்துக்குத் தயாராகும்போது 850 கிலோ ஆகிவிட்டால், அதைச் சரிசெய்யும் சஸ்பென்ஷன் பாகம் எதுவும் கிடையாது. சின்ன கேம்பர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய வண்டி பார்க்க வேண்டும்.

பழைய வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. முந்தைய உரிமையாளர் மாட்டிய இரும்பு பம்பர், வின்ச், கூடுதல் டேங்க் எல்லாம் சேர்ந்து அதன் உண்மையான காலி எடையை ஏற்றி வைத்திருக்கும். அதனால் எடை மேடைக்கு இரண்டு முறை போய்வாருங்கள்: டேங்க் நிரப்பி, வழக்கமாக வருகிற ஆட்களோடு காலி வண்டியாக ஒரு முறை, கேம்பர் முழுச் சுமையோடு ஒரு முறை. முன் ஆக்சில், பின் ஆக்சில் எடைகளைத் தனித்தனியாக வாங்குங்கள். கேம்பரின் எடை மையம் பின் ஆக்சிலுக்குக் கொஞ்சமாவது முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சக்கரங்கள் லேசாகி, ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். பல கேம்பர்களின் பக்கவாட்டில் இந்த மையத்தைக் குறித்த ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள்.

எடை வரம்புக்குள் இருந்தால், அடுத்து பார்க்க வேண்டியது ஸ்பிரிங் அல்ல, டயர். டயர் பக்கச் சுவரில் 121/118 போன்ற எண் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு. 121 என்றால் ஒரு டயர் 1,450 கிலோ வரை தாங்கும், 113 என்றால் 1,150 கிலோ. அதுவும் அந்தச் சுமைக்கு உரிய காற்று இருந்தால்தான். ரிம்முக்கும் தனி வரம்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டயரின் வயதையும் பாருங்கள்: தேதிக் குறியீட்டில் 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறது என்பதற்காக அந்த வயது டயரில் கேம்பர் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். கேம்பர் ஆடுகிறது என்று புலம்பும் வண்டிகளில் சிலவற்றுக்கு, கனமான சுமைக்கான டயரும் சரியான காற்றுமே பாதி மருந்து.

அடுத்த தவறு, களைத்துப்போன லீஃப் ஸ்பிரிங் பட்டைகளின் மேலேயே புதுப் பாகம் மாட்டுவது. வருடக்கணக்காகச் சுமை தூக்கிய பட்டைகள் வளைவை இழந்து நேராகியிருக்கும், சில நேரம் எதிர்ப்பக்கம்கூட வளைந்திருக்கும். பட்டைகளை நடுவில் இணைக்கும் சென்டர் போல்ட்டை ஒட்டி விரிசல் இருக்கிறதா, முனைகளில் உள்ள புஷ் தேய்ந்திருக்கிறதா, பட்டையைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் ஷாக்கிளும் ஹேங்கரும் துருவேறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஆக்சிலுக்கு மேலே சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தாலோ துரு செதிலாக உதிர்ந்தாலோ மேலே ஒன்றும் வாங்காதீர்கள், முதலில் சேஸிஸ் வேலை. பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றி வாங்குவது மலிவு. ஆனால் முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் மறுபடி அமுங்கிவிடும். புதுக் கட்டு போடுவதே நல்லது.

ஏர் பேக் கெட்ட பாகம் அல்ல. கேம்பரை அடிக்கடி இறக்கி வைப்பவருக்கு அது மிக வசதி. ஆனால் லீஃப் ஸ்பிரிங் தன் சுமையை இரண்டு முனைகள் வழியாகச் சேஸிஸுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஏர் பேக் நடுவில் ஒரே இடத்தில் குத்தி நிற்கிறது. பட்டைகள் செய்ய வேண்டிய வேலையையும் ஏர் பேக்கிடமே கொடுத்து, கேம்பரும் பின்னால் நீண்டு தொங்கினால், குண்டும் குழியுமான சாலையில் அந்த இடத்தில் சேஸிஸ் வளையலாம், விரிசல் விடலாம். பட்டைகள்தான் சுமக்க வேண்டும், காற்று கடைசிச் சில அங்குலத்தைச் சமன் செய்தால் போதும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே குழாய் இழுத்து இணைப்பது இன்னொரு தவறு. வளைவில் வண்டி சாயும்போது அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும், சாய்வு இன்னும் கூடும். இடது, வலது தனித்தனிக் குழாய் போடுங்கள். சைலன்சர் குழாய்க்கு அருகில் வந்தால் வெப்பத் தகடு வேண்டும். கேம்பர் இறங்கிய பிறகும் காற்றை முழுதாக விடக் கூடாது, தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அழுத்தமாவது இருக்க வேண்டும்.

அமுங்குவதையும் ஆடுவதையும் ஒரே நோயாகப் பார்ப்பதும் பரவலான தவறு. ஷாக் அப்சார்பர் சுமையைத் தூக்காது, ஸ்பிரிங் துள்ளுவதை அடக்கும், அவ்வளவுதான். வண்டி அமுங்குகிறது என்று ஷாக் மாற்றினால் பணம்தான் போகும். பக்கவாட்டில் ஊசலாடுகிறது என்றால் இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பார், கனமானதாகப் போட்டால் உதவும். சில பிக்கப்களில் பட்டைக் கட்டோடு ஒரு ஓவர்லோட் பட்டையும் இருக்கும், சுமை நன்றாக ஏறிய பிறகே அது தொடும். தொடும் வரை வண்டி தாராளமாகச் சாயும். அந்த இடைவெளியை நிரப்பும் கட்டைகளை வைத்தால் அது முன்னதாகவே வேலை செய்யத் தொடங்கும். எளிய மாற்றம்தான், ஆனால் ஓட்டும்போது வித்தியாசம் தெரியும்.

அதிகம் பேசப்படாத ஒன்று பிரேக். பழைய பிக்கப்கள் பலவற்றில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்பலாம் என்று அது முடிவு செய்யும். நீங்கள் ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டால், வண்டி காலியாக இருக்கிறது என்று அது ஏமாந்துபோகும். முழுச் சுமையோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், முன் பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறிவிடும். கம்பியின் நீளத்தையோ தாங்கியின் இடத்தையோ புது உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். மெக்கானிக்கிடம் இதைக் கேளுங்கள். வால்வைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று சொன்னால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள், ஏனென்றால் காலியாக ஓட்டும்போது பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வண்டி சுழலும்.

மற்றவை சின்ன வேலைகள். பட்டைகளை ஆக்சிலோடு பிடித்திருக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஒரு முறை இறுக்கி இழுபட்டது மறுபடி அதே பிடியைத் தராது. புதியதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு குறித்த டார்க்கில் (இறுக்கும் திருப்பு விசையில்) மறுபடி இறுக்க வேண்டும். பின்பக்கத்தை அதிகம் உயர்த்தினால் பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு வரும், பிரேக் ஹோஸ் இழுபடும். வேலைக்கு முன்னும் பின்னும் நான்கு சக்கரத்துக்கும் தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். கடைசியாக, கேம்பரை ஏற்றிய நிலையில் வீல் அலைன்மென்ட்டைப் பார்த்து, ஹெட்லைட்டையும் இறக்கி அமைத்துக்கொள்ளுங்கள்.