படிவத்தில் வரும் தகவலைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இணையப் படிவத்தில் நிரப்பியதைப் பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் வைத்துச் சோதித்துவிட்டேனே, சர்வரில் மறுபடியும் எதற்கு?" புதிதாக நிரல் எழுத வருபவர்கள் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். சர்வருக்கு உங்கள் படிவம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அதற்கு வந்து சேர்வது பெயரும் மதிப்புமாகச் சில எழுத்துகள், அவ்வளவுதான். பிரவுசரே இல்லாமல் கர்ல் மாதிரி ஒரு கருவியைக் கொண்டு அவற்றை யாரும் அனுப்பலாம். ஜாவாஸ்கிரிப்ட் சோதனை பயனருக்குத் தவறை உடனே காட்டும், அதற்காக அது இருக்கட்டும். பாதுகாப்புக்கான சோதனை சர்வரில்தான் நடக்க வேண்டும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஹிடன் ஃபீல்டு, அதாவது பக்கத்தில் பயனர் கண்ணுக்குத் தெரியாத கட்டம். பொருளின் விலையை அதில் வைத்து அனுப்பி, திரும்பி வந்த விலைக்கே பில் போடும் நிரல்கள் உண்டு. பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து 4500 என்பதை 45 ஆக்க எவ்வளவு நேரம் ஆகும்? பொருளின் எண்ணை மட்டும் படிவத்திலிருந்து வாங்கி, விலையை டேட்டாபேஸில் பாருங்கள். டிராப்டவுனும் அப்படித்தான். மூன்று தேர்வுகள் கொடுத்தால் நான்காவதாக ஒன்றும் வரலாம்.

அடுத்தது, உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் 'சுத்தம்' செய்துவிடும் பழக்கம். சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் மேஜிக் கோட்ஸ் என்ற வசதி, மேற்கோள் குறிக்கு முன் ஒரு \ சேர்த்து இதைத்தான் செய்தது. ஓ'பிரையன் என்ற பெயர் ஓ\'பிரையன் ஆகி, பல நிரல்களில் அப்படியே சேமிக்கப்பட்டுவிடும். 2012இல் வந்த 5.4 பதிப்பில் அதை நீக்கியே விட்டார்கள். வந்த தகவல் சரியா என்று சோதியுங்கள், ஆனால் உருமாற்றாமல் சேமியுங்கள். டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லுக்குப் போகும்போது வாக்கியத்தோடு ஒட்டாமல் பாராமீட்டராக, அதாவது தனி மதிப்பாகக் கொடுங்கள். பக்கத்தில் காட்டும்போது எச்டிஎம்எல் எஸ்கேப் செய்யுங்கள், அதாவது < போன்ற குறிகள் வெறும் எழுத்தாகவே தெரியும்படி மாற்றிக் காட்டுங்கள். இடத்துக்கு இடம் ஆபத்து வேறு, அதனால் மருந்தும் வேறு.

தமிழில் தகவல் வாங்குபவர்கள் நீளக் கணக்கையும் கவனிக்க வேண்டும். 'தமிழ்' நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் மி, ழ் இரண்டிலும் உயிர்க்குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்படுவதால் அது 5 குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். பத்தாவது பைட்டில் வெட்டினால் 'தமி' வரைதான் தேறும், அப்புறம் ஓர் உடைந்த பைட் தொங்கும். பைட்டில் எண்ணுகிறோமா, எழுத்தில் எண்ணுகிறோமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலியா என்று பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிஎச்பியில் எம்ப்டி என்ற சோதனை '0'வையும் காலி என்றே சொல்லும். குழந்தைகள் எத்தனை என்ற கேள்விக்கு 0 என்று நேர்மையாகப் பதில் சொன்னவரிடம் "இதை நிரப்பவில்லை" என்று திருப்பி அனுப்பலாமா? செக்பாக்ஸ் வேறு வகை: டிக் செய்யாவிட்டால் அந்தப் பெயரே சர்வருக்கு வராது.

எல்லாம் சரியாகிச் சேமித்த பிறகு, பதிலை அதே இடத்தில் காட்டாமல், பிரவுசரை வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் 303 என்ற பதில் எண்ணைக் கொடுத்து வேறு பக்கத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் ரீஃப்ரெஷ் செய்பவரின் ஆர்டர் இரண்டு முறை பதிவாகக்கூடும்.

பிழை இருந்தால், அவர் நிரப்பியதை அழித்துவிட்டு வெற்றுப் படிவத்தை நீட்டாதீர்கள். இருபது கட்டங்களைப் பொறுமையாக நிரப்பியவர் ஒரு தேதிக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? எழுதியதை அப்படியே திரும்பக் கொடுத்து, தவறிய கட்டத்தின் பக்கத்திலேயே காரணத்தைச் சொல்லுங்கள். அந்த மதிப்புகளையும் எஸ்கேப் செய்தே காட்ட வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் திரும்ப நிரப்ப வேண்டாம்.