எஸ்.இ.சி. சாஃப்ட்பால் பட்டங்கள்: வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025-ல் எஸ்.இ.சி. சாஃப்ட்பாலில் சாம்பியன் யார்? ஒரே பெயரைப் பதிலாக எழுதினால் பாதி வரலாறு விடுபட்டுப் போகும். சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலைப் போன்ற, சற்றுப் பெரிய பந்தில் ஆடும் ஆட்டம். கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் மிக வலுவான கான்ஃபரன்ஸ்களில் ஒன்று எஸ்.இ.சி. எனப்படும் இந்த சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ். அங்கே ஒரு சீசனில் ஓர் அணி மூன்று வெவ்வேறு பட்டங்களை வெல்ல முடியும். அவற்றை ஒன்றாகக் குழப்புவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் லீக். ஒவ்வோர் அணியும் மூன்று ஆட்டத் தொடர்கள் எட்டு, அதாவது 24 ஆட்டங்கள் ஆடும். அதில் முதலிடம் பிடிப்பவர் வழக்கமான சீசன் சாம்பியன். அப்புறம் மே மாதத்தில் சில நாட்களில் முடிந்துவிடும் கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட். தோற்றால் வெளியே. அதன் பிறகு 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டி. அதில் மிஞ்சும் எட்டு அணிகள் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் மகளிர் கல்லூரி உலகத் தொடருக்குப் போகும். அதை வெல்பவருக்கே தேசியப் பட்டம்.

2025-ல் லீக் பட்டத்தை ஓக்லஹோமா வென்றது, அதுவும் எஸ்.இ.சி.யில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸில் நடந்த டோர்னமென்டில் ஓக்லஹோமாவும் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியும் இறுதிக்கு வந்தன. வானிலை மோசமானதால் ஆட்டம் ரத்தாகி, இரு அணிகளும் கூட்டுச் சாம்பியன் ஆயின. தேசியப் பட்டமோ இன்னொரு எஸ்.இ.சி. அணியான டெக்ஸஸுக்குப் போனது. இந்த மூன்று வரிகளில் எதை விட்டாலும் யாரோ சிலருடைய உழைப்பு பதிவிலிருந்து மறைந்துவிடும். கூட்டுச் சாம்பியனில் ஒரு பெயரை மட்டும் எழுதுவது, ஆடாத இறுதிக்கு ஒரு ஸ்கோர் போடுவது, இரண்டுமே பிழை.

தேசிய முடிவை வைத்து டோர்னமென்டைப் பின்னோக்கி ஊகிப்பது அடுத்த தவறு. 2014, 2015 இரண்டிலும் தேசியப் பட்டம் ஃப்ளோரிடாவுக்குத்தான். அப்படியானால் எஸ்.இ.சி. டோர்னமென்டையும் அவர்களே வென்றிருப்பார்கள் என்று எழுதத் தோன்றும். ஆனால் 2014-ல் வென்றது ஜார்ஜியா, 2015-ல் ஆபர்ன். மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற கதையும் உண்டு: 2012-ல் பேட்ரிக் மர்ஃபி பயிற்றுவித்த அலபாமா. எஸ்.இ.சி. அணி ஒன்று சாஃப்ட்பாலில் தேசியப் பட்டம் வென்றது அதுதான் முதல் முறை. அந்தச் சாதனையின் பெருமை தெரிய வேண்டுமானால், மற்ற ஆண்டுகளில் பட்டங்கள் பிரிந்து போனதைச் சரியாக எழுதியிருக்க வேண்டும். எதிர்த்திசையிலும் ஊகிக்கக் கூடாது. 2025-ல் தேசியப் போட்டியின் முதல் தரவரிசை அணியாக நுழைந்த ஏ அண்ட் எம், முதல் கட்டத்திலேயே லிபர்ட்டி பல்கலைக்கழகத்திடம் தோற்று வெளியேறியது. முதல் தரவரிசை அணி ஒன்று அந்தக் கட்டத்தைத் தாண்டாமல் போனது அதற்கு முன் நடந்ததே இல்லை. அதனால் அவர்கள் பகிர்ந்துகொண்ட எஸ்.இ.சி. பட்டம் சிறியதாகிவிடாது.

எண்ணிக்கையில் நிறைய பேர் வழுக்குவார்கள். டோர்னமென்ட் தொடங்கியது 1997-ல். அந்த முதல் பட்டம் சவுத் கரோலினாவுக்கு. 1997 முதல் 2025 வரை 29 ஆண்டுகள், ஆனால் டோர்னமென்ட் நடந்தது 28 முறைதான். 2020 சீசன் கொரோனாவால் பாதியிலேயே நின்றது. பட்டியலில் அந்த ஆண்டைத் தாண்டிப் போகாமல், ரத்து என்று எழுதி வைப்பதுதான் நேர்மை. அந்த வசந்தத்தில் தங்கள் கடைசி சீசனை ஆடிக்கொண்டிருந்த பெண்கள் இருந்தார்கள்.

அணிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். ஓக்லஹோமா, டெக்ஸஸ் வந்த பிறகு எஸ்.இ.சி.யில் 16 பல்கலைக்கழகங்கள். சாஃப்ட்பால் அணிகளோ 15, ஏனென்றால் வாண்டர்பில்ட்டுக்கு சாஃப்ட்பால் அணி கிடையாது. புதிதாக வந்தவர்களின் பழைய பட்டங்களை எஸ்.இ.சி. கணக்கில் சேர்ப்பதும் தவறு. ஓக்லஹோமா 2024 வரை பிக் 12 கான்ஃபரன்ஸில் வென்றவை பிக் 12 வரலாற்றுக்குச் சொந்தம்.

இடங்களில் கவனம் தேவை. எஸ்.இ.சி. பேஸ்பால் டோர்னமென்ட் அலபாமாவின் ஹூவரில் நடப்பது பலருக்குத் தெரியும், அதனால் சாஃப்ட்பாலையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். சாஃப்ட்பால் டோர்னமென்ட் கல்லூரி மைதானங்களில் சுற்றி வருகிறது: 2021-ல் டஸ்கலூசா, 2022-ல் கெய்ன்ஸ்வில், 2023-ல் ஃபேயட்வில், 2024-ல் ஆபர்ன். 2014, 2018 இரண்டுக்கும் கொலம்பியா என்று இருக்கும். முன்னது சவுத் கரோலினாவில், பின்னது மிசௌரியில்.

பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்றால் அந்த அணி பலவீனமானது என்று முடிவுகட்டுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. எஸ்.இ.சி.க்கு வெளியே இதற்குத் தெளிவான உதாரணம் அரிசோனா. 1991-க்கும் 2007-க்கும் இடையில் எட்டு தேசியப் பட்டங்கள் வென்ற அணி அது. அது அப்போது இருந்த பேக்-12 கான்ஃபரன்ஸின் டோர்னமென்ட் சாம்பியன் பட்டியலில் மட்டும் அதன் பெயர் இருக்காது. அந்தக் கான்ஃபரன்ஸ் சாஃப்ட்பாலுக்கு டோர்னமென்ட் நடத்தத் தொடங்கியதே 2023-ல்தான். அரிசோனாவின் டூசானில் நடந்த முதல் டோர்னமென்டை யூட்டா வென்றது, 2024-ல் யு.சி.எல்.ஏ. வென்றது. அந்தக் கோடையிலேயே பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறி, பழைய பேக்-12 கலைந்துபோனது.