கறுப்பு ஸ்டீல் வாட்ச் வாங்கினால் முதல் வாரத்தில் பார்க்க வேண்டியவை

மதுரை ஒத்தக்கடையில் சப்மெர்சிபிள் மோட்டார் வேலை பார்க்கிறேன். தண்ணீர் எங்கே புகும், ஏன் புகும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஞாயிறு வந்தால் யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி என்று ஏதாவது ஒரு பாறையில் ஏறிவிடுவேன். அதற்கென்றே இப்போது ஒரு வாட்ச் வாங்கியிருக்கிறேன். கேஸும் செயினும் கறுப்பு ஸ்டீல், பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக், கண்ணாடிக்குள் திசை எழுத்து போட்ட வளையம், பக்கவாட்டில் திருகுவதற்கு இரண்டு சாவி. பார்த்ததுமே மனசுக்குப் பிடித்துவிட்டது. நல்ல கனம், வெயில் பட்டாலும் கண்ணைக் கூசாத கறுப்பு. இதே மாதிரி வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே சிலதைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் சாவி. மூன்று மணிப் பக்கம் இருப்பது மரை போட்ட சாவி. இடப்பக்கம் திருகினால் கழன்று வெளியே வரும். மணியைச் சரிசெய்த பிறகு உள்ளே அழுத்தி வலப்பக்கம் திருகி மூட வேண்டும். மூடும்போது எடுத்த எடுப்பில் வலப்பக்கம் திருகாதீர்கள். லேசாக அழுத்தியபடி இடப்பக்கமே கொஞ்சம் சுற்றினால், ஓர் இடத்தில் மரை 'டிக்'கென்று உட்காரும். அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள், வெண்ணெய் மாதிரி போகும். கோணலாக ஏறினால் மரை தேய்ந்துவிடும். மரை போனால் அதன் பின்னால் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓரிங் சரியாக அமுங்காது. தண்ணீருக்கு அதுவே வாசல்.

கடைத் தம்பி, “அண்ணே, நூறு மீட்டர் போட்டிருக்கு, தைரியமா குளிங்க” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, சாவி இறுகியிருந்தால். பின்மூடியில் இருக்கும் அந்த 100 மீட்டர் என்பது அசையாத தண்ணீரின் அழுத்தக் கணக்கு. கிணற்றில் நீந்தத் தாராளமாகப் போதும். வெறும் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் கை கழுவலாம், மழையில் நனையலாம், அதோடு சரி. இன்னொன்று: வெயிலில் கறுப்பு ஸ்டீல் கொதிக்கும். அழகர்மலை ஏறிய சூட்டோடு நூபுர கங்கைத் தண்ணீரில் கையை நீட்டினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். ஓரிங் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் அந்த நேரத்தில்தான் ஈரத்தை உள்ளே இழுக்கும். நிழலில் சற்று ஆறவிட்டுக் குளியுங்கள்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். வாட்சைக் கையில் பொத்திச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்திருந்தால், வாரண்டி அட்டையோடு அன்றைக்கே கடைக்குப் போங்கள்.

அடுத்தது கறுப்பு. இது பெயின்ட் இல்லை. காற்றை உறிஞ்சிய கூண்டுக்குள் ஸ்டீல் மேல் ஆவியாகப் படிய வைப்பது. பிவிடி என்று அட்டையில் போட்டிருப்பார்கள். கனம் சில மைக்ரான்தான், தலைமுடியோ எழுபது மைக்ரான் அளவு இருக்கும். பூச்சு கெட்டியானதுதான், ஆனால் அடியில் இருக்கும் ஸ்டீல் மெத்து. பாறையில் ஓங்கி இடித்தால் ஸ்டீல் குழியும், பூச்சு உடைந்து வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, செயின் கோத்திருக்கும் காதுகளின் ஓரம், லாக்கின் விளிம்பு, பின்மூடி ஆகிய இடங்களைப் பாருங்கள். புதிதிலேயே வெள்ளை தெரிந்தால் மாற்றிக் கேளுங்கள். பிறகு விழும் கீறலுக்கு மருந்து கிடையாது. பாலிஷ் போட்டால் பூச்சும் சேர்ந்து போய்விடும். விபூதி போட்டுத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் இதில் வேண்டாம்.

கண்ணாடி சபையரா என்று கேட்டு வாங்குங்கள். கடினத்தை அளக்கும் மோஸ் கணக்கில், கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் 7, சபையர் 9. சாதாரண மினரல் கண்ணாடி குவார்ட்ஸுக்கும் கீழே. யானைமலையில் கை ஊன்றி ஏறுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

செயினைக் காலையில் அளவெடுக்காதீர்கள். மதியம் மூன்று மணி வெயிலில் மணிக்கட்டு கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த நேரம் கடைக்குப் போங்கள். கண்ணியின் உட்பக்கம் சின்ன அம்புக்குறி இருக்கும், கண்ணிகளைக் கோத்திருக்கும் முள்ளை அது காட்டும் திசையில்தான் தட்டி எடுக்க வேண்டும். கருவி படும் இடத்தில் துணி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சமமாக எடுத்தால்தான் லாக் மணிக்கட்டின் நடுவில் உட்காரும்.

திசை வளையத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை. நான்கு மணிப் பக்கச் சாவி அந்த வளையத்தைச் சுற்றும். மணி முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடி, அதற்கும் 12-க்கும் நடுவே தெற்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் முறை. வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளுக்கு அது சரி. மதுரை இருப்பது 10 பாகை அட்சரேகையை ஒட்டி. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும் நிழலில்லா நாள் நமக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். சித்திரை மாதம் காலை ஒன்பது மணிக்கு இந்த முறையில் பார்த்தால் தென்கிழக்கைத் தெற்கென்று காட்டும். மார்கழிக் காலையில் ஓரளவு ஒத்துவரும்.

அதனால் நான் சொல்லும் வழி எளிது. காலை எட்டு மணிக்குள் வளையத்தின் கிழக்கைச் சூரியனுக்கு நேராக வையுங்கள். ஆனி மாதம் என்றால் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் தெற்கே. அந்தச் சாய்வை விட்டுக் கொடுத்துப் பார்த்தால் போதும், மலையிலிருந்து எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். உச்சிவேளையில் வளையத்தை நம்பவே நம்பாதீர்கள்.

நேரம் ஒரு நாளைக்குப் பத்து, இருபது விநாடி முன்பின் போவது சாதாரண ஆட்டோமேட்டிக்குக் குறை இல்லை. இரவு ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை தேதியை மட்டும் கையால் மாற்றாதீர்கள், உள்ளே பல்சக்கரம் அப்போது தேதியைப் பிடித்திருக்கும்.

கடைசியாக, கழுவுவது. வியர்வை உப்பு கண்ணிகளுக்கு இடையே தங்கும், கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் கழுவினால் இன்னும் மோசம், காய்ந்ததும் ஒவ்வொரு இடுக்கிலும் சுண்ணாம்புக் கோடு நிற்கும். குடிக்கிற நல்ல தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து மெதுவாகத் தேய்த்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். சாவி இறுகியிருக்கிறதா என்று அதற்கு முன்னால் ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.