மடுவுக்குப் பங்கோடு போங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கே மன்னார் மாவட்டத்திலுள்ள மடு மாதா கோயிலுக்குப் போகின்றன. வான் பிடித்து, சன நெரிசலில் மாதாவைக் கும்பிட்டு, மெழுகுதிரி கொளுத்திவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் லீவு கிடைத்தால், உங்கள் ஊர்ப் பங்கு, அதாவது ஊர்க் கோயிலைச் சேர்ந்த சனம், மடுவில் தங்கிச் செபிக்கத் தியானம் போகிறதா என்று கேட்டு, அவர்களோடு ஒரே பஸ்ஸில் ஏறுங்கள்.

பங்குச் சுவாமியாரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடவேண்டும். மண்டபமும் அறையும் அவர்தான் மடுக் கோயிலை நிர்வகிக்கும் பரிபாலகரிடம் கேட்டு ஒழுங்கு செய்வார். மற்றவர்கள் கட்டும் அதே காசைக் கட்டுங்கள். முழுச் சாப்பாட்டுச் செலவையும் நாங்களே தருகிறோம் என்று முன்னால் போய் நிற்கவேண்டாம். உதவ விருப்பமென்றால் சுவாமியாரிடம் தனியே கொடுத்துவிட்டு, வெங்காயம் உரிக்கிற இடத்தில் போய் உட்காருங்கள். ஊர்ச்சனம் உங்களோடு மனம்விட்டுக் கதைப்பது அங்கேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வவுனியா வந்து, மன்னார்ப் பக்கம் திரும்பி, மடு றோட் சந்தியிலிருந்து காட்டுக்குள்ளே போகவேண்டும். கொழும்பிலிருந்து வருபவர்களுக்குத் தலைமன்னார் ரயில் மடு றோட்டில் நிற்கும். அங்கிருந்து கோயிலுக்கு வாகனம் வேண்டும். பாய், மெல்லிய போர்வை, நுளம்புக்குப் பூச மருந்து, டோர்ச், குடிதண்ணீர், வழமையாக எடுக்கும் மருந்துகள் போதும். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்காதீர்கள், குரங்குகள் விடாது. அந்தப் பக்கம் யானைக் காடு என்பதால் இருட்டிய பிறகு வளவைவிட்டு வெளியே நடக்கவேண்டாம். உடுப்பு தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும்.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிரசங்கம் முழுதும் விளங்காமல் போகலாம். 'அருள் நிறைந்த மரியே' செபத்தையாவது வீட்டிலேயே பாடமாக்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். செபமாலையில் ஒரு பத்து மணியை அவர்கள் சொல்லும்போது கிழவிகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் பாவசங்கீர்த்தனம் (சுவாமியாரிடம் பாவ அறிக்கை) செய்யவேண்டுமென்றால் அவரிடம் முதலே சொல்லிவையுங்கள்.

இந்தக் கோயிலின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மன்னாருக்குப் பக்கத்து மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தை (சிலையை) தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தவர்களால் உண்டான இடம் இது. 1924இல் மாதாவுக்கு முடி சூட்டினார்கள். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இங்கே அகதிகளாக இருந்தார்கள். 1999 நவம்பரில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் செல் (எறிகணை) விழுந்து பலர் செத்தார்கள். 2008இல் சுரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பி வந்தது. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து செபித்தார்.

அதனால் தியானத்தில் இறந்தவர்களுக்காக மன்றாடும் நேரம் மிகவும் கனமானது. சுவாமியார், 'உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கோ' என்பார். ஒவ்வொருவராகச் சொல்வார்கள். காணாமற்போன மகனின் பெயரைச் சொல்லுவதா விடுவதா என்று தெரியாமல் ஒரு தாய் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருப்பாள். அந்த நேரம் போனைத் தூக்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். என்ன நடந்தது என்று பிறகும் கேட்கவேண்டாம். பக்கத்தில் இருங்கள். உங்களிடமும் ஒரு பெயர் இருந்தால் சொல்லுங்கள். தூரதேசத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைத்திருக்காது.

சிங்களச் சனமும் இதே மாதாவிடம் வருவார்கள். அவர்களுடைய பூசை நடக்கும்போது வெளியே சத்தமாகக் கதைக்காமல், முடிந்தால் உள்ளே போய் முழங்காலில் இருங்கள்.

திரும்பும்போது பலரும் மடு மண்ணை ஒரு பொட்டலமாகக் கட்டுவார்கள். பாம்புக்கடிக்கும் நோய்க்கும் நல்லது என்பது பழைய நம்பிக்கை. பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். மண்ணை அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ அனுமதியில்லாமல் கொண்டுபோக விடமாட்டார்கள், விமானநிலையத்தில் பறித்துவிடுவார்கள். அதை ஊரில் அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டு, செபமாலையும் மாதா படமும் வாங்கிக்கொண்டு போங்கள்.